சித்தப்பாவின் மில்லுக்குப் போகாத தேக்கு

1

அப்பாவின் திவசத்துக்கு இங்கே ஐயரும் கிடையாது, கூப்பிட்ட குரலுக்குக் காக்கையும் வராது. வாழைக்காய் வாங்கவே இரண்டு பஸ் மாறி ஆசியக் கடைக்குப் போக வேண்டும். ஆனாலும் ஐப்பசி மாதத்தில் அந்த ஒரு நாள் மட்டும் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுச் சமைப்பேன். இலைக்குப் பதில் தட்டில் வைத்து, பால்கனியில் கொண்டுபோய் வைப்பேன். பின்லாந்தில் நாங்கள் இருக்கும் இந்த ஏரிக்கரை ஊரில் ஐப்பசி என்றால் மதியச் சாப்பாடு செரிப்பதற்குள் இருட்டிவிடும்.

போன வருடத்துக்கு முந்தைய வருடம், தட்டை வெளியே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தும்போது போன் அடித்தது. தென்காசி எண்.

"செம்பகம், நல்லாருக்கியாட்டி? சித்தப்பா பேசுதேன்."

அப்பாவின் தம்பி சங்கரலிங்கம். குத்துக்கல்வலசையைத் தாண்டி, திருநெல்வேலி ரோட்டில் மர அறுவை மில் வைத்திருப்பவர். அப்பா இறந்த பிறகு அவர் எனக்குப் போன் செய்தது அதுதான் முதல்முறை. அண்ணனின் திவசம் நினைவிருந்து கூப்பிட்டாரோ என்று ஒரு கணம் நினைத்தேன். இல்லை.

"நம்ம வயக்காட்டுல தேக்கு நிக்குல்லா? வெட்டிரலாம்னு பாக்கேன். நல்ல பார்ட்டி ஒண்ணு அமைஞ்சிருக்கு, புனலூர் சேட்டன். ஆளு ரொம்ப கரெக்ட்டு. கூட்டுப் பட்டாவுல பேரு இருக்கவுக எல்லாரும் சம்மதம் தந்தாத்தான் எடுப்பானாம். மைனி, அதான் உங்கம்ம, போட்டுருவாவ. நீ அங்கன எம்பசியில போயி ஒரு கையெழுத்து போட்டு அனுப்பிரு. ஒரே ஒரு கையெழுத்துதான்."

"அதுக்கு எதுக்கு சித்தப்பா எம்பசி? லீவுக்கு நானே வாறேன்," என்றேன்.

போனை வைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகவே சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. மகள் கயல் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"யாரும்மா?"

"உன் தாத்தாவைச் சாகவிட்டவர்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சாகவிட்டவர்னா, கொன்னவரா?"

அவளுக்குத் தெரிந்த தமிழில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. எனக்குத் தெரிந்த தமிழிலும் இல்லை.

2

அப்பா கோமதிநாயகம் நெல் போட்டவர். மரம் அவருக்குத் தெரியாத தொழில். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது விவசாயிகளுக்கு அரசாங்கம் தேக்கங்கன்று இலவசமாகக் கொடுக்கிறது என்று யாரோ சொல்ல, நாற்றுப்பண்ணைக்குப் போய் ஈரச்சாக்கில் சுற்றி எடுத்துவந்தார். பஸ்ஸில் அந்தச் சாக்கு ஒருத்தர் வேட்டியை நனைத்துவிட்டதில் ஒரு சண்டை. வயலின் மேல்கோடியில் தண்ணீர் ஏறாமல் ஒரு மேடு சும்மா கிடந்தது. அங்கே நட்டார். நிலம் அண்ணன் தம்பி இருவருக்கும் பொது.

சித்தப்பா வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது எப்ப பலகையாவ, நாம எப்ப கட்டிலு செய்ய? போயி வேற சோலியப் பாருண்ணே." கோடையில் அப்பாவும் அம்மாவும் குடத்தில் தண்ணீர் சுமந்தார்கள். சித்தப்பா ஒரு சொம்பு ஊற்றியதில்லை. மரங்கள் தலைக்கு மேலே போனபோது அவர் சொந்தமாக மில் தொடங்கியிருந்தார். அதற்குப் பிறகு அந்த மேட்டுப் பக்கம் அடிக்கடி நடக்க ஆரம்பித்தார்.

எனக்குக் கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. அடைப்பு இருக்கிறது, ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது என்றார் திருநெல்வேலி டாக்டர். என் கணவர் அப்போது படித்துக்கொண்டிருந்தார், நான் மொழி வகுப்பில் அகர வரிசை ஒப்பித்துக்கொண்டிருந்தேன். எங்களால் ஒன்றும் அனுப்ப முடியவில்லை. அப்பா அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. "நமக்கு மரம் நிக்குல்லாட்டி," என்றார் போனில்.

மரத்தை வெட்டி விற்கச் சித்தப்பா கையெழுத்துப் போடவில்லை. "இன்னும் முத்தட்டும்ணே. இப்ப வெட்டினா வெறகுதான்," என்றார். அப்பா வேறு வியாபாரிகளைக் கூட்டிவந்து காட்டினார். மரத்தைத் தட்டிப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போனவர்கள் மறுநாள் வரவில்லை. மரத் தொழிலில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், சித்தப்பாவை இன்னும் நன்றாகத் தெரியும். கூட்டுப் பட்டா, தம்பிக்கு இஷ்டமில்லை, பிறகு வில்லங்கமாகும் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா ஒவ்வொருத்தராகக் கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஒருநாள் காலையில் பல் தேய்க்க எழுந்தவர் விழுந்தார்.

நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பதினாறாம் நாள் விசேஷத்துக்குள் சித்தப்பா ஆட்களைக் கொண்டுவந்து தேக்கு முழுவதையும் வெட்டிவிட்டார். தன் லாரி, தன் மில். அறுத்துப் பலகையாக்கிவிட்டால் யார் போய் என்ன கேட்பது? முத்தட்டும் என்று சொன்னவருக்கு, அண்ணன் செத்ததும் மரம் முத்திவிட்டது.

வரப்பில் நின்று கத்தினேன். அவர் கோபப்படவே இல்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஏட்டி, நீ ஐஸ்கட்டிக்குள்ள கெடக்கப் போறவ. உனக்கு எதுக்குட்டி தேக்கு?"

3

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வஞ்சத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்வது சுலபம். ஊரில் இருந்தால் கல்யாண வீட்டில் எதிரே வருவார், கோயில் கொடை விழாவில் பக்கத்தில் நிற்பார், ஏதோ ஒரு நாள் பேச வேண்டிவரும். இங்கே அந்தத் தொந்தரவு இல்லை. சித்தப்பா எனக்குள் அன்றைக்கு வரப்பில் நின்ற கோலத்திலேயே நின்றார். அவருக்கு வயதாகவில்லை, நோய் வரவில்லை.

நான் முதியோர் இல்லம் ஒன்றில் செவிலித் துணையாக வேலை பார்க்கிறேன். அதிகாலை ஷிப்டுக்குப் பனியில் நடந்து, வேற்று மனிதர்களின் அப்பாக்களைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, கையைப் பிடித்து நடக்க வைக்கிறேன். அதில் சிலருக்கு என் அப்பாவுக்கு வந்த அதே அடைப்பு. ஆபரேஷன் முடிந்து இருபது வருடமாகிறது என்று சட்டையைத் திறந்து தழும்பைக் காட்டுவார்கள். நான் நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் பாத்ரூமுக்குள் போய்க் கொஞ்ச நேரம் நிற்பேன்.

பக்கத்து வீட்டுக்காரர் பெந்தி, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அவருக்கு ஊருக்கு வெளியே ஒரு துண்டுக் காடு இருக்கிறது. இங்கே சாதாரணக் குடும்பங்களுக்கும் காடு சொந்தமாக இருக்கும், நமக்கு வயல் இருப்பதைப் போல. வந்த புதிதில் அவர் காட்டைப் பார்க்கக் கூப்பிட்டார். நாளைக்குச் சந்திக்கிறேன் என்று பின்னிஷ் மொழியில் சொல்ல வேண்டும். 'தபான்' என்றால் சந்திப்பேன், 'தபன்' என்றால் கொல்வேன். நான் இரண்டாவதைச் சொல்லிவிட்டேன். பெந்தி ஓரடி பின்னால் நகர்ந்துவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். குறிலும் நெடிலும் படித்து வளர்ந்த எனக்கு அந்தத் தப்பு வந்திருக்கக் கூடாது. அன்றைக்கு மனதில் வேறு யாரோ இருந்திருக்க வேண்டும்.

அவர் காட்டில் ஒரு பகுதியில் இளமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். நெருக்கமாக நிற்கிற மரங்களில் நோஞ்சானை எடுத்தால்தான் மற்றது பருக்குமாம். அந்த வேலைக்கு அரசாங்கம் உதவித்தொகை தருகிறது, ஆலோசனைக்கு ஆள் அனுப்புகிறது. எப்போது வெட்டலாம், வெட்டிய இடத்தில் எப்போது நட வேண்டும், யார் வாங்குவார்கள் எல்லாம் சொல்கிறது. "அண்ணன் தம்பி சம்மதிக்கவில்லை என்றால்?" என்று கேட்டேன். பெந்திக்குக் கேள்வியே புரியவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது அழுதேன். எங்கள் அரசும் அப்பாவுக்குக் கன்று கொடுத்தது. நல்ல கன்று. ஆனால் நடுகிற நாளில் வந்த அரசு, வெட்ட வேண்டிய நாளில் அவர் பக்கத்தில் இல்லை. அந்த நாளில் சித்தப்பா இருந்தார்.

4

கோடை விடுமுறைக்குப் போனபோது கயலையும் கூட்டிப்போனேன். பதினேழு வயது. இங்கே பின்லாந்தில் அவள் பெயரைக் 'கையா' என்று ஆக்கிவிட்டார்கள், அவளும் அப்படியே கையெழுத்துப் போடுகிறாள். வீட்டுக்குள் வந்ததும் அம்மா அவள் கன்னத்தைத் தடவி, "இளைச்சுட்டாளே," என்றாள். "அம்மா, ஆச்சி என்னை இலைன்னு சொல்றாங்களா?" என்று கேட்டாள் கயல். இளைத்ததற்கும் இலைக்கும் உள்ள வித்தியாசத்தைக்கூட அவளுக்கு விளக்க வேண்டியிருந்தது.

வயல்மேட்டில் அடிக்கட்டைகள் எல்லாம் மறுபடி தழைத்து, மரமாக நின்றன. நடுநடுவே சித்தப்பா அரசாங்கத்தின் புதிய திட்டத்தில் வாங்கி வைத்த கன்றுகளும் வளர்ந்திருந்தன. திட்டத்தில் சேர்ந்ததால் மரங்கள் பதிவாகியிருந்தன, பழைய மாதிரி யாரையும் கேட்காமல் வெட்ட அவருக்கு வழியில்லை. பட்டாவில் அப்பா பெயருக்குப் பதில் அம்மா பெயரும் என் பெயரும் ஏறியிருந்தன.

நான் கையெழுத்துப் போடவில்லை. நிலத்தைப் பிரிக்க மனு கொடுத்தேன்.

அதற்கு அலைந்த அலைச்சலைத் தனியாக எழுதலாம். ஒரு காகிதத்தில் நான் செண்பகவல்லி, இன்னொன்றில் சண்பகவள்ளி. இரண்டும் நான்தான் என்று நிரூபிக்க ஒரு காகிதம். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர்களுக்கு இந்தியா கொடுக்கும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த எழுத்தர், "பின்லாந்துன்னா பிலிப்பைன்ஸ் பக்கமாம்மா?" என்று கேட்டார். பக்கம்தான் என்றேன். வாதாடினால் இன்னொரு நாள் வரச் சொல்லிவிடுவார் என்ற பயம்.

சர்வேயர் வந்த அன்று சித்தப்பாவும் வந்தார். தலை முழுக்க நரைத்து, நடையில் ஒரு சாய்வு வந்திருந்தது. எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது. நான் சண்டைக்கு வந்தது துண்டால் முகம் துடைத்த அந்த ஆளோடு.

குத்துக்கல்வலசை இப்போது வீட்டுமனையாகிக்கொண்டிருக்கிறது. ரோட்டை ஒட்டிய பாதிதான் பொன். சித்தப்பா அந்தப் பாதியைக் கேட்பார் என்று தெரியும். "எடுத்துக்கிடுங்க," என்றேன். "எனக்கு மரம் நிக்குற பாதி போதும்."

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை மறைக்கக்கூட முயலவில்லை. மரம் எப்படியும் தன் மில்லுக்குத்தான் வரும், வெளிநாட்டுக்காரிக்கு வேறு யாரைத் தெரியும் என்று கணக்குப் போட்டிருப்பார். அளந்து கல் ஊன்றி, எல்லாம் முடிந்து பட்டா தனித்தனியாக ஆன பிறகு வீட்டுக்கு வந்தார்.

"அப்ப எப்பட்டி ஆளு அனுப்ப? புனலூர்க்காரன்ட்ட வாக்கு குடுத்துட்டேன்."

"வெட்டப் போறதில்ல சித்தப்பா."

"பெறகு?"

"முத்தட்டும்."

அவர் என்னையே பார்த்தார். காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். நான் இத்தனை வருடம் வெளிநாட்டில் சம்பாதித்ததிலேயே பெரியது அந்த நிமிடம்தான் என்று தோன்றியது.

அம்மா மட்டும் சந்தோஷப்படவில்லை. "நீ பிளேன் ஏறிப் போயிருவ. நான்லா இங்கன அவுக மொகத்துல முழிக்கணும்? போன வருசம் கை ஒடிஞ்சு கெடந்தப்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனது யாருன்னு நெனைக்க? உன் சித்திதான் மாசம் முழுக்கச் சோறு பொங்கிப் போட்டா."

"நீ எப்பவும் அவங்க பக்கம்தாம்மா."

"ஆமா, அப்படியே வச்சுக்கோ," என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

5

வேளாண் நிலங்களில் மரம் வளர்ப்பவர்களுக்கு உதவும் அரசுத் திட்டத்தில் என் பாதியைச் சேர்த்தேன். சந்தனம், வேங்கை, மகோகனி என்று கன்றுகள் கொடுத்தார்கள். வனத்துறையிலிருந்து வந்த வனவர் ஓர் இளம்பெண், சிவகிரிக்காரர். ஸ்கூட்டரில் வந்து, எந்த மண்ணில் எது நிற்கும் என்று நடந்து நடந்து காட்டினார். "வெளிநாட்டுல இருந்துக்கிட்டு மரத்தை வெட்டாமப் பாதுகாக்கணும்னு நினைக்கீங்களே மேடம். எல்லாருக்கும் இந்த மனசு வராது," என்றார். எனக்கு என்ன மனசு என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

அடுத்த வருட சீசனில் நானும் கயலும் மறுபடி போனபோது குற்றாலத்தில் ஒரு மண்டபத்தில் மர விவசாயிகளுக்குக் கூட்டம் வைத்தார்கள். வெளியே சாரல், ஈரத் துண்டோடு அருவிக்குப் போகிற கூட்டம், மண்டபத்து ஜன்னலில் குரங்குகள். நல்ல முறையில் மரம் வளர்ப்பவர்கள் என்று சிலரை மேடைக்குக் கூப்பிட்டதில் என் பெயரும் இருந்தது. மர வியாபாரிகள் சார்பாக எங்களுக்குப் பொன்னாடை போர்த்த அழைக்கப்பட்டவர் சித்தப்பா.

இதை நான் ஏற்பாடு செய்யவில்லை. யார் ஏற்பாடு செய்திருந்தாலும் அவர் கையில் முத்தம் கொடுத்திருப்பேன்.

சால்வையைப் பிரித்து என் தோளில் போட்டார். போட்டோவுக்காக இருவரும் முன்னால் பார்த்து நின்றோம். உதடு அசையாமல் கேட்டார்: "சந்தோசமாட்டி?"

"ரொம்ப," என்றேன்.

6

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்து வனவர் தோட்டத்துக்கு வந்து, தேக்குகளை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"மேடம், ஒரே அடிக்கட்டையில நாலு கிளைப்பு நிக்கி. ஒண்ணுக்கொண்ணு தின்னுக்கிடுது. இப்படியே விட்டா எல்லாமே ஒல்லிக் கம்பாத்தான் இருக்கும். பாதிய எடுத்துரணும்."

"வெட்டுறதா? பாதுகாக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"வெட்டாம வச்சிருக்கது பாதுகாப்பு இல்ல மேடம். வெட்டணும், வெட்டுன எடத்துல நடணும். அதுக்குத்தானே திட்டம். இப்ப நடைமுறையும் முன்ன மாதிரி கஷ்டமில்ல, நான் கூடவே இருந்து பாத்துக்கிடுதேன்."

கயல் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பெந்தியின் காட்டைப் பார்த்து வளர்ந்தவள். "அம்மா, உன் கோபம் மரத்துக்கு இடம் விடலை," என்றாள். தமிழில் அவள் பேசிய வாக்கியங்களில் அதுதான் இன்றுவரை மிகத் தெளிவானது. எனக்கு அறைய வேண்டும் போலிருந்தது.

வெட்டச் சம்மதித்தேன். ஆனால் எங்கே அனுப்புவது என்பதை நான்தான் முடிவு செய்வேன் என்றேன். பக்கத்தில் இருப்பது சித்தப்பாவின் மில். நான் ஆலங்குளத்தில் ஒரு மில்லைப் பிடித்தேன். அங்கே போகிற லாரி சித்தப்பாவின் மில் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். டிரைவரிடம் அந்த வாசலில் வண்டியை மெதுவாக விட்டு, நிறுத்தாமல் ஹாரன் அடிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. திருவிழா மாதிரி அடிக்கிறேன் என்றார்.

புறப்படும் நேரத்தில் அம்மா சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். "நானும் வாறேன்."

"எதுக்கும்மா? ஆலங்குளம் வரைக்கும் குலுக்கும்."

"அவரு தண்ணி ஊத்துன மரம். நானும்தான் ஊத்துனேன். வாறேன்," என்று கேபினில் ஏறிவிட்டாள். நானும் ஏறிக்கொண்டேன். கொழுந்தனார் வாசலில் என்னைத் தடுக்கத்தான் வருகிறாள் என்று நினைத்து எரிச்சலோடு உட்கார்ந்திருந்தேன்.

மில் வந்தது. சித்தப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். லாரியைப் பார்த்ததும் எழுந்தார். கம்புகளைப் பார்த்தார், கேபினைப் பார்த்தார். டிரைவர் ஹாரனில் கை வைத்தார்.

"நிறுத்துங்க தம்பி," என்றாள் அம்மா.

நான் சொல்வதற்குள் இறங்கிவிட்டாள். நானும் பின்னாலேயே குதித்தேன். அம்மா ரோட்டோரத்தில், மில் கேட்டுக்கு வெளியே ஓரிடத்தில் போய் நின்றாள். உள்ளே போகவில்லை.

"தம்பி, கையெழுத்து கேட்டு அவரு உங்ககிட்ட வந்தாருல்லா, அன்னைக்கு நானும் கூட வந்தேன். உங்களுக்குத் தெரியாது. இந்த எடத்துலதான் நின்னேன்."

சித்தப்பா அந்த இடத்தைப் பார்த்தார்.

"நீங்க மாட்டேன்னுட்டீங்க. அவரு வெளிய வந்தாரு. நான் உள்ள வந்து உங்க கால்ல விழுந்துருதேன்னு சொன்னேன். வேண்டாம்னு கையப் புடிச்சி இழுத்துட்டுப் போயிட்டாரு. தம்பி, ஒண்ணு கேக்கேன். உண்மையச் சொல்லணும். நான் அன்னைக்கு விழுந்திருந்தா, கையெழுத்து போட்டிருப்பீங்களா?"

உள்ளே ஓடிக்கொண்டிருந்த அறுவை மிஷினை யாரோ நிறுத்தினார்கள். என்னால் அம்மாவைப் பார்க்க முடியவில்லை. இத்தனை வருடம் இந்தக் கேள்வியோடா இவர்கள் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டாள்? சித்தப்பா 'போட்டிருப்பேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்மா அந்த இடத்திலேயே முடிந்துபோவாள். அவரைப் பழிவாங்க வந்த என் கண்ணெதிரில், ஒரே சொல்லில் எங்களை அடித்துப்போட அவருக்கு வாய்ப்பு இருந்தது. அது அவருக்குத் தெரிந்தும் இருந்தது.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"போட்டிருக்க மாட்டேன் மைனி," என்றார். "நீங்க விழுந்திருந்தாலும் போட்டிருக்க மாட்டேன்."

அம்மா மூச்சை விட்டாள். "சரி தம்பி. இத்தன வருசமா, விழாம வந்துட்டோமேன்னுதான் எனக்கு."

திரும்பி வந்தாள். கேபினில் ஏறக் கை கொடுத்தேன். உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "போங்க தம்பி," என்றாள். டிரைவர் என்னைப் பார்த்தார். ஹாரன் வேண்டாம் என்று தலையசைத்தேன். பாவூர்சத்திரம் தாண்டியதும் அம்மா தூங்கிவிட்டாள், வாயைத் திறந்துகொண்டு, குழந்தை மாதிரி.

இங்கே திரும்பி வந்த பிறகு கயலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாதி தமிழில், பாதி அவள் மொழியில். "அப்போ அவரை மன்னிச்சிட்டியா?" என்று கேட்டாள்.

அன்றைக்கு அவர் பொய் சொல்லவில்லை. அதற்காக அவருக்கு நான் ஏதோ கடன்பட்டதைப் போல ஓர் உணர்வு வருகிறது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. அப்பாவின் திவசத்துக்கு இப்போதும் தட்டில்தான் வைக்கிறேன். வனவர் நேற்று செய்தி அனுப்பியிருந்தார். வெட்டிய இடத்தில் வேங்கை நன்றாகப் பிடித்துவிட்டதாம், மீதித் தேக்கில் நோஞ்சானாக நிற்பவற்றை அடுத்த சீசனுக்குள் எடுத்துவிடலாமாம்.

எடுக்கட்டும். அந்த லோடும் ஆலங்குளத்துக்குத்தான் போகும்.